வாடகைக்கு ஒரு தாய்வீடு

சைதாப்பேட்டை
21.10.2024

ஸ்வர்ணா அப்பாவுக்கு,

சுந்தரவல்லி எழுதுவது. போன் இருக்கும்போது இது என்ன கடுதாசி என்று உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு சொல்லிவிடுவீர்கள். நடுவில் எவனாவது கடைக்கு வந்து இரண்டு பிளேட் இட்லி கேட்பான். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இனிமேல் நான் போனை எடுக்கப் போவதில்லை. சொல்ல வேண்டியதை எழுதுங்கள்.

நேற்று வளைகாப்பு முடிந்தது. அசோக் நகரில் சம்பந்தி வீட்டு மொட்டை மாடியிலேயே பந்தல் போட்டார்கள். அறுபது பேர். பெண்ணுக்கு அப்பா எங்கே என்று அறுபது பேரும் கேட்டார்கள். நான் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? தீபாவளிக் கூட்டம், ரயிலுக்கு ரயில் இட்லி ஓடுகிறது, அதை விட்டுவிட்டு ஒரே மகளின் வளைகாப்புக்கு வர அவருக்கு மனமில்லை என்றா சொல்வது?

எல்லோரும் பாவம் என்றார்கள். சம்பந்தியம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பந்தி நடக்கும்போது சம்பந்தி உங்களுக்கு போன் போட்டார், அதுவும் ஸ்பீக்கரில். "உடம்பு எப்படி இருக்கு அண்ணாச்சி, கண்ணுல மஞ்ச கொறஞ்சிருக்கா?" என்று கேட்டார். "எனக்கென்னவே, கல்லு மாதிரில்லா இருக்கேன். யாருக்குக் காமால?" என்றீர்கள். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றார். ஸ்வர்ணா கை நிறைய வளையலோடு தலை குனிந்துகொண்டாள். நேற்றுக் காலையில் இதைச் சொல்லத்தான் மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

வளைகாப்பு முடிந்தால் பெண்ணை அப்பா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினோம். வடக்கே இட்டார்சிக்கு ஏழு மாத வயிற்றோடு ஒரு நாள் முழுக்க ரயிலில் அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மாடி வீட்டை ஐந்து மாதத்துக்குப் பிடித்தேன். கீழே வீட்டுக்காரம்மா ஜைதூன் பீ இருக்கிறார். "இன்னாத்துக்கும்மா அஞ்சு மாசம் மட்டும்?" என்று கேட்டார். சொன்னேன். "தாய்வூட்ட வாடகைக்கு எடுக்குற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்துவிட்டு, சாவியைக் கையில் கொடுத்தார்.

டிசம்பர் நடுவில் தேதி சொல்லியிருக்கிறார்கள். அதற்காவது வாருங்கள். கடையை நாலு நாள் மூடினால் இட்டார்சி ஜங்ஷனை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

சுந்தரவல்லி


இட்டார்சி
28.10.2024

சுந்தரிக்கு,

கடிதம் இன்று கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சட்னிக் கறை பட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் காமாலை விஷயம். நீ அப்படிச் சொல்லி வைத்திருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? சம்பந்தி பேசும்போது கடையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். இரண்டு பேர் நம் ஊர் ரயில்வேக்காரர்கள், தமிழ் தெரிந்தவர்கள். இட்லிக் கடைக்காரனுக்குக் காமாலை என்று அவர்கள் காதில் விழுந்தால் நாளைக்கு இங்கே எவன் கை நனைப்பான்? காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், கால் பிசகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ வியாதி இருக்க, சோற்றுக் கடைக்காரனுக்கு வரக்கூடாத ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறாய். நான் மறுத்தது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் மறுப்பேன்.

இங்கே பனி தொடங்கிவிட்டது. மாவு பொங்க மாட்டேன் என்கிறது. போன செவ்வாய்க்கிழமை டிரம் முழுக்க அப்படியே குளிர்ந்து கிடந்தது. சுட்டால் தட்டையாக, வாயில் ஒட்டுகிறது. பனிக்காலத்துக்கு உளுந்து எவ்வளவு போடுவாய், உப்பு எப்போது போடுவாய் என்று அளவு எழுது. கை அளவு, கண் அளவு என்று எழுதாதே. ராம்தீனுக்கு உன் கை கிடையாது. அவனை ஆட்டச் சொன்னால் மாவில் பாதியைச் சுவரில் தெளிக்கிறான்.

ஜனவரி இருபதாம் தேதி ஜி.டி. எக்ஸ்பிரஸில் உனக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கீழ் பெர்த். அதற்குள் பிரசவமும் ஆகி ஒரு மாதம் போயிருக்கும். அப்புறம் சம்பந்தி வீட்டில் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? பெரிய குடும்பம்தானே. டிசம்பரில் வருவதைப் பற்றி இப்போது வாக்குக் கொடுக்க முடியாது. கல்யாண சீசன், உனக்கே தெரியும்.

ஸ்வர்ணா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

மாவு அளவை உடனே எழுது.

இசக்கிமுத்து


சைதாப்பேட்டை
9.11.2024

ஸ்வர்ணா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் மாவு எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். மகள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுவது சுலபமாக இருந்தது. ஒன்று.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் என்னைக் கேட்டிருக்கலாம். என்னை எதைத்தான் கேட்டீர்கள்? இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் தி. நகர் பாத்திரக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கட்டிக் கொடுத்தாள். கல்யாணமாகி இருபதாம் நாள், "இட்டார்சியில ஒரு கட கெடச்சிருக்கு, பெட்டியக் கட்டு" என்றீர்கள். இட்டார்சி எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. போய் இறங்கினால் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். வந்த முதல் பனிக்காலத்தில் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்பளி. அதை எடுத்து மாவு டிரம்முக்குச் சுற்றினீர்கள். "மாவு செத்துப் போகும்லா" என்றீர்கள். நான் இரண்டு புடவையை மடித்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். அது விளையாட்டாக இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். இருபது வயது.

இருபத்தேழு வருடத்தில் அந்த ஊரில் நாம் சேர்ந்து என்ன செய்தோம் என்று இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன். விடியுமுன் எழுந்து நான் ஆட்டுவேன். நீங்கள் அடுப்பு மூட்டுவீர்கள். ஒரு வார்த்தை பேச மாட்டோம். எந்த ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். இரண்டு மணிக்கு நின்றுகொண்டே சாப்பிடுவோம். சாயங்காலம் மறுபடி தேங்காய். ஊர் முழுக்க என்னை மதராஸி பாபி என்றுதான் கூப்பிடும். என் பெயர் தெரிந்தவர்கள் அங்கே நீங்களும் ஸ்வர்ணாவும்தான். சினிமாவுக்கு இரண்டு தடவை போனோம். இரண்டாவது தடவை இடைவேளையில் சிலிண்டர் வரும் நாள் என்று எழுந்து வந்துவிட்டீர்கள். எங்கள் அம்மா செத்தபோதுகூட ஸ்வர்ணாவைத் தூக்கிக்கொண்டு தனியாகத்தான் ரயில் ஏறினேன். இருபத்தைந்து வருடமாக ஒரு நாள்கூட ஷட்டர் இறங்கியதில்லை என்பதை நீங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வீர்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்த வீட்டை ஏன் பிடித்தேன் தெரியுமா? தலைப்பிள்ளைக்கு என்னைச் சைதாப்பேட்டைக்கு அனுப்புங்கள் என்று ஆறாம் மாதத்திலிருந்து உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். முதலில் சரி என்றீர்கள். அப்புறம் ஒருநாள், "போவாண்டாம். கடையில வேல கெடக்கு, யாரு மாவாட்டுவா?" என்றீர்கள். அவ்வளவுதான். தை மாதம், ஒரு கல்யாண வீட்டுக்கு அறுநூறு இட்லி. காலை எட்டு மணிக்கு எனக்கு வலி எடுத்தது. "இந்த ஈடு எறங்கட்டும், போவோம்" என்றீர்கள். அது இறங்கியதும் அடுத்த ஈட்டுக்குத் தட்டுகளை ஏற்றினீர்கள். பதினோரு ஈடு. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி மூன்று. கழுத்தில் கொடி சுற்றிப் பையன் அழாமலே பிறந்தான். மூன்றாம் நாள் ஷட்டரைத் தூக்கினீர்கள். நான் மாவு ஆட்டினேன்.

இதை இருபத்தாறு வருடத்தில் நாம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. ஸ்வர்ணாவுக்கு அப்படி நடக்கக்கூடாது. அதற்காகத்தான் இந்த வீடு. டிசம்பரில் நீங்கள் இங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசாதீர்கள்.

சுந்தரவல்லி


இட்டார்சி
21.11.2024

சுந்தரிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் யாராவது வந்துவிடுகிறார்கள். வராவிட்டாலும் எழுத வரவில்லை.

கம்பளி விஷயம் உண்மைதான். ஆனால் அந்த மாவு புளிக்கவில்லை என்றால் மறுநாள் நமக்குச் சோறு கிடையாது. இந்த ஊரில் அப்போது நம்மை அரைக் காசுக்குக்கூட மதிக்க ஆள் இல்லை. நானும்தான் கம்பளி இல்லாமல் படுத்தேன். அதை எழுத மறந்துவிட்டாய்.

கடையை மூடவில்லை, மூடவில்லை என்கிறாய். மூடாத கடைதான் ஸ்வர்ணாவைச் சென்னையில் ஹாஸ்டலில் வைத்துப் படிக்க வைத்தது. அவளுக்கு அசோக் நகரில் மாப்பிள்ளை கிடைத்ததும் அதனால்தான். பாலகணேஷ் மாதிரி ஒரு பையன் இட்டார்சியில் கிடைப்பானா?

நீ போன பிறகு பின்னறையில் நான் படுப்பதில்லை. கடையிலேயே பெஞ்சைப் போட்டுக்கொள்கிறேன். அங்கே கொசு குறைவு. பக்கத்துப் பழக்கடைக்காரன் பெண்டாட்டி தினமும் வந்து பாபி எப்போது வருவாள் என்று கேட்கிறாள். உன் துளசிக்கு அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள். ஜனவரி இருபது புறப்பட்டு இருபத்தொன்று வந்து சேருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாவு இன்னும் சரியாகவில்லை. இரண்டு டிரம் சாக்கடையில் கொட்டினேன். இட்லியின் ருசி போய்விட்டது என்று வாடிக்கைக்காரர்கள் என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நானே தின்று பார்த்தேன். போய்த்தான் விட்டது.

பையன் விஷயத்தை எடுத்திருக்கிறாய். அவனை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? அவனைத் துணியில் சுற்றித் தனியாகத் தூக்கிக்கொண்டு போனவன் நான். மூன்றாம் நாள் கடை திறந்தேன் என்றால், திறக்காமல் அந்த அறையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. பதினோரு ஈடு தப்புதான். தலைப்பிரசவம், நேரம் ஆகும் என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்? சொல்லிக் கொடுக்க வீட்டில் ஒரு பொம்பளை இல்லை.

ஆனால் உன்னைச் சைதாப்பேட்டைக்கு அனுப்பாததைப் பற்றி மட்டும் இனிமேல் எழுதாதே. உனக்கு எல்லாம் தெரியாது. அவ்வளவுதான் சொல்வேன்.

டிசம்பரில் வரப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

இசக்கிமுத்து


சைதாப்பேட்டை
23.12.2024

ஸ்வர்ணா அப்பாவுக்கு,

பதினேழாம் தேதி காலை பத்தே காலுக்கு ஸ்வர்ணாவுக்குப் பையன் பிறந்தான். மூன்று கிலோ. நன்றாக அழுதான். மாப்பிள்ளை உங்களுக்கு போனில் சொன்னதாகவும், நீங்கள் சந்தோஷப்பட்டதாகவும், ரயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னார். இன்றோடு ஆறு நாள். சென்ட்ரலில் தினம் ஒரு ஜி.டி. வந்து நிற்கிறது.

இங்கே எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். போன மாசக் கடைசிப் புயலில் தெரு முழுக்க முட்டிவரை தண்ணீர். ஆறு ஏறுகிறது, பாலத்தை மூடப் போகிறார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எட்டரை மாத வயிற்றோடு ஒரு பெண், நான் ஒருத்தி. ஜைதூன் பீ மேலே ஏறி வந்து, "நீ இன்னாத்துக்கு பயந்துக்கினு கீற? வலி வந்தா என் மச்சான் இனாயத் கைல ஆட்டோ கீது, தண்ணில வுட்டாவது இஸ்துக்கினு போவான்" என்றார். அந்த இனாயத் மூன்று நாள் வேறு சவாரி எடுக்கவில்லை. எனக்கு அவர் முகம்கூட அதற்கு முன்னால் தெரியாது. அன்று வலி வரவில்லை. வந்த அன்று அதே ஆட்டோவில் பன்னிரண்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். பன்னிரண்டு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து, பெண் வீட்டுப் பெரியவர் யார், வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், எல்லோர் முன்னாலும் அழுதேன். சந்தோஷத்தில் அழுவதாக நினைத்துக்கொண்டார்கள். பாதி அது. மீதி நம் பையனுக்காக.

நீங்கள் எழுதியதை நிறைய யோசித்தேன். எனக்கு எல்லாம் தெரியாது என்கிறீர்களே, எது தெரியாது? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அன்றைக்கு என்னை அம்மாவிடம் அனுப்பியிருந்தால் எட்டே காலுக்கு என்னை ஆட்டோவில் ஏற்றியிருப்பாள். ஜெயஸ்ரீ அண்ணிக்கு அதே மாதத்தில் அதே வீட்டிலிருந்து போய்த்தான் பிறந்தது. சுகப்பிரசவம். அம்மா பார்த்துக்கொண்டாள். எனக்கும் பார்த்திருப்பாள். அம்மா கையில் போயிருந்தால் என் பிள்ளை உயிரோடு இருந்திருப்பான். மாவாட்ட ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீங்கள்தான் அவனைக் கொன்றீர்கள். இருபத்தாறு வருடம் மனசில் இதைச் சொல்லிக்கொண்டேதான் உங்கள் பக்கத்தில் படுத்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

பனிக்காலத்துக்கு நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து, மேலே ஒரு பிடி. வெந்தயம் இரண்டு ஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்ட வேண்டும். உப்பைக் காலையில் போட்டால் போதும். டிரம்மை அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ராம்தீனிடம் படித்துக் காட்டுங்கள்.

இருபதாம் தேதி டிக்கெட்டை கேன்சல் செய்துவிடுங்கள்.

சுந்தரவல்லி


இட்டார்சி
4.1.2025

சுந்தரவல்லிக்கு,

கொன்றேன் என்று எழுதிவிட்டாய். சரி.

இதோடு ஒரு இன்லேண்ட் கடிதம் வைத்திருக்கிறேன். உன் அம்மா எழுத்து உனக்குத் தெரியும். கடை லைசென்ஸ் காகிதங்களோடு வைத்திருந்தேன், நீ அதைத் தொட மாட்டாய் என்று. உன்னை அனுப்புகிறேன், வந்து கூட்டிப் போங்கள் என்று உன் அம்மாவுக்கு நான் எழுதினேன். அதற்கு வந்த பதில். அவர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீ ஏசும்போதெல்லாம், சாப்பாட்டைத் தூக்கிப் போடும்போதெல்லாம், மூடிக்கொண்டுதான் இருந்தேன். இனி முடியாது. படித்துப் பார். யார் யாரை வேண்டாம் என்றார்கள் என்று தெரிந்துகொள்.

டிக்கெட் கேன்சல் செய்யவில்லை. உனக்கு என்னைத் தவிர வேறு வீடு கிடையாது. எப்போதும் கிடையாது. வந்து சேர்.

இசக்கிமுத்து

(உடன் இருந்தது)

சைதாப்பேட்டை
3.11.1998

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். சுந்தரியைப் பேறுகாலத்துக்கு அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். ஜெயஸ்ரீக்கும் அதே தை மாதம்தான் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குத் தாய் இல்லை, போக இடமில்லை. ஒரு கூரையின் கீழ் இரண்டு பிள்ளைப்பேறு ஆகாது, ஒன்றுக்கு இல்லாவிட்டால் ஒன்றுக்குக் கெடுதல் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுரேஷ்குமாரும் வேண்டாம் என்கிறான். நான் அவன் சோற்றைச் சாப்பிடுகிறவள். சுந்தரியை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம். கடையில் வேலை என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள்மேல் வரும் கோபம் அவளுக்கு நாளைக்கு ஆறிவிடும். என்மேல் வந்தால் ஆறாது. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.


சைதாப்பேட்டை
18.1.2025

ஸ்வர்ணா அப்பாவுக்கு,

கடிதம் பத்தாம் தேதி வந்தது. அம்மாவின் எழுத்துதான். 'ற'வுக்கு வாலை இழுத்துவிடுவது அவள் வழக்கம். முதலில் நம்பாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் குழந்தையைக் கீழே ஜைதூன் பீயிடம் விட்டுவிட்டு, ஸ்வர்ணாவிடம் மார்க்கெட் என்று சொல்லிவிட்டு, கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டுக்குப் போனேன். சுரேஷ்குமார் அண்ணன் இப்போது அங்கேதான் இருக்கிறான். கதவைத் திறந்தது அவன் மகன். அந்தத் தையில் பிறந்தவன். இந்த மாதம் இருபத்தாறு முடிகிறது. மீசையைத் தடவிக்கொண்டு, "அட, அத்த, வா வா, சொல்லாம கொள்ளாம வந்துக்கீற" என்றான். நம்முடையவனும் இந்த உயரம் இருப்பான் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்க முடியவில்லை.

அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அத்ததான் சொல்லிச்சு, சுந்தரி. நா இன்னா பண்ணுவேன்? வயித்த தள்ளிக்கினு நா எங்க போவேன், எனக்கு இன்னா ஆத்தாளா அப்பனா? உனக்காச்சும் புருசன் கூட இருந்தாரு" என்றாள். அவளிடம் சண்டை போடத்தான் போனேன். காபி குடித்துவிட்டு வந்தேன். அவள் சொல்வதும் நியாயம்தான். அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது.

இரண்டு நாள் நான் சுருண்டு படுத்துக் கிடந்தேன். காய்ச்சலா அம்மா, கஷாயம் வைக்கட்டுமா என்று ஸ்வர்ணா என்னைக் கேட்கிறாள், பிள்ளை பெற்றவள் அவள். சிரித்துவிட்டேன்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். இருபத்தாறு வருடம் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நான் என்னவெல்லாம் ஏசியிருக்கிறேன் என்று எனக்கே தெரியும். அத்தனையையும் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் இருந்தீர்கள். கொன்றீர்கள் என்று நான் எழுதியது தப்பு. அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இது உங்கள் வாயிலிருந்து வராமல் வேறு யார் மூலமாவது எனக்குத் தெரிந்திருந்தால், அழுதுகொண்டே அடுத்த ரயிலில் ஏறியிருப்பேன். உங்கள் காலில் விழுந்திருப்பேன். பொய் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் இதை எப்போது சொன்னீர்கள்? ஸ்வர்ணா பிறந்தபோது சொல்லவில்லை. அம்மா செத்துத் தனியாக ரயில் ஏறினேனே, அப்போது சொல்லவில்லை. திரும்பி வந்து ஒரு வருடம் அம்மா அம்மா என்று புலம்பினேனே, அப்போதும் சொல்லவில்லை. நான் கடைக்குத் திரும்ப மாட்டேன் என்று எழுதிய பிறகு சொன்னீர்கள். எனக்காக மறைத்தீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்காக மறைத்ததை யாருக்காக வெளியே எடுத்தீர்கள்? உனக்கு வேறு வீடு கிடையாது, வந்து சேர் என்று கீழேயே எழுதியிருக்கிறீர்களே.

எனக்கு ஒரு தாய்வீடு இருந்தது. நீங்கள் அனுப்பியிருந்தால் கதவு திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த ஊரில் இத்தனை வருடம் ஓட்டினேன். பொய்யாகவே இருந்தாலும் அது ஒன்றுதான் எனக்கு இருந்தது. என்னை மடக்கிக் கூட்டிப் போவதற்காக அதையும் இடித்துவிட்டீர்கள்.

இன்னொன்று. அம்மா கதவைச் சாத்தினாள், சரி. அது ஐப்பசியில். தையில் வலி எடுத்த அன்று கதவு நம் கையில்தான் இருந்தது. அந்தப் பதினோரு ஈட்டை அம்மா ஏற்றவில்லை. அது உங்கள் பங்கு. வலியோடு பேசாமல் நின்று இட்லி எடுத்துக் கொடுத்தேனே, அது என் பங்கு. யாருடையதை யாரும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

நான் வரவில்லை. நாளை மறுநாள் ஜி.டி.யில் என் பெர்த் காலியாகத்தான் வரும். யாராவது ஏறிக்கொள்ளட்டும். பங்குனியில் குழந்தையை அசோக் நகரில் கொண்டுபோய் விட வேண்டும், நான்தான் விடுவேன். அதற்குப் பிறகும் இந்த வீட்டைக் காலி செய்யப் போவதில்லை. ஜைதூன் பீயிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்வர்ணாவுக்கு ஒருநாள் புருஷனோடு சண்டை வரும். இல்லை, சும்மாவே வரத் தோன்றும். யாரையும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வர அவளுக்கு ஒரு இடம் வேண்டும். வாடகை வீடுதான். ஆனால் இங்கே கதவைத் திறக்க நான் இருப்பேன்.

பேரனைப் பார்க்கத் தோன்றினால் வாருங்கள். அசோக் நகருக்குப் போய்ப் பாருங்கள். இங்கே வர வேண்டாம்.

அம்மாவின் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் இருக்கக்கூடாது என்றுதான் அவள் அதை எழுதியிருக்கிறாள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் தினமும் கடை வாசலில் நின்று போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் ஒரு வரி எழுதவில்லை.

சுந்தரவல்லி